59 என்றால் என்ன? சிப்புக்குச் சிப் அர்த்தம் மாறும் லினக்ஸ் தணிக்கைப் பதிவு

லினக்ஸ் சர்வர் ஒன்றின் தணிக்கைப் பதிவில் 59 என்று ஓர் எண் வருகிறது. அதற்கு என்ன அர்த்தம்?

இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்பில் ஓடும் 64-பிட் சர்வர் என்றால், யாரோ ஒரு புரோகிராமை இயக்கியிருக்கிறார்கள். ஆர்ம் சிப் சர்வர் என்றால், ஒரு புரோகிராம் தகவலை இங்கிருந்து அங்கே கடத்த ஒரு 'பைப்' திறந்திருக்கிறது. கவலைப்பட ஒன்றும் இல்லை. அதே இன்டெல் சர்வரில் பழைய 32-பிட் வழியாக வந்த 59 என்றால், 'இந்த சிஸ்டத்தின் பெயர் என்ன?' என்று யாரோ கேட்டிருக்கிறார்கள், அதுவும் எப்போதோ வழக்கொழிந்த முறையில்.

எண் ஒன்று, அர்த்தம் மூன்று. ஒரு ஊரின் 5-ஆம் நம்பர் பஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும், அடுத்த ஊரின் 5-ஆம் நம்பர் பஸ் சந்தைக்குப் போகும். நம்பரை மட்டும் பார்த்து ஏறினால் என்ன ஆகும்? பல நிறுவனங்களின் பாதுகாப்புக் கண்காணிப்பு இப்போது இப்படித்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. சர்வர்கள் இன்டெல்லில் இருந்து ஆர்முக்கு மாறுகின்றன. கண்காணிப்பு விதிகள் மட்டும் பழைய ஊர் பஸ் நம்பரையே வைத்துக்கொண்டு நிற்கின்றன.

இது கர்னல் எழுதுபவர்களின் தலைவலி, நமக்கென்ன என்று ஒதுக்கிவிட முடியாது. சர்வரில் திருட்டு நடந்தால், யார், எப்போது, என்ன செய்தார் என்பதற்கு முதலில் தேடப்படும் சாட்சி இந்தப் பதிவுதான். சாட்சி பொய் சொன்னால்கூட குறுக்கு விசாரணையில் பிடித்துவிடலாம். சாட்சி அந்த இடத்திலேயே இல்லை என்றால்?

கவுன்ட்டர் ஜன்னலும் எண் சீட்டும்

எந்தப் புரோகிராமும் தானாக ஒரு ஃபைலைத் திறக்க முடியாது, நெட்வொர்க்கில் பேச முடியாது, இன்னொரு புரோகிராமைத் தொடங்க முடியாது. எல்லாவற்றுக்கும் கர்னலிடம் போய்க் கேட்க வேண்டும். அந்தக் கோரிக்கைக்குப் பெயர் சிஸ்டம் கால். அரசு அலுவலக கவுன்ட்டர் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கர்னல், இந்தப் பக்கம் புரோகிராம். ஜன்னலில் கொடுக்கும் சீட்டில் 'ஃபைலைத் திற' என்று எழுத்தில் எழுதுவதில்லை. ஓர் எண்ணைத்தான் எழுதுகிறார்கள். கர்னல் தன் அட்டவணையில் அந்த எண்ணுக்கு எதிரே இருப்பதைச் செய்து கொடுக்கிறது. இப்படி 300-க்கும் மேற்பட்ட சேவைகள் இருக்கின்றன.

சிக்கல் அந்த அட்டவணையில்தான். லினக்ஸில் அது ஒன்றே ஒன்று கிடையாது, சிப் குடும்பத்துக்கு ஒன்று.

32-பிட் இன்டெல் அட்டவணை பழைய யுனிக்ஸ் வரிசையை அப்படியே பின்பற்றியது: 1 என்றால் வெளியேறு, 3 என்றால் படி, 4 என்றால் எழுது, 5 என்றால் திற. 64-பிட் வந்தபோது, புது அட்டவணை எழுத வாய்ப்புக் கிடைத்தது. அடிக்கடி அழைக்கப்படும் சேவைகள் சிப்பின் கேஷ் நினைவகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் வேகம் கூடும் என்ற கணக்கில் படி 0, எழுது 1, திற 2, மூடு 3 என்று அடுக்கினார்கள். விளைவு? 64-பிட்டில் 'எழுது' என்று அர்த்தம் தரும் அதே 1, 32-பிட்டில் 'வெளியேறு'.

அடுத்து ஆர்ம்64. 2012-ல் அது லினக்ஸில் சேர்ந்தபோது, புதிய சிப்களுக்கென்றே உருவாக்கப்பட்டிருந்த பொது அட்டவணையை எடுத்துக்கொண்டது. பின்னால் வந்த ரிஸ்க்-ஃபைவும் அதைத்தான் பயன்படுத்துகிறது. அதில் எண்கள் வேறு என்பதோடு நிற்கவில்லை, பல பழைய சேவைகளே இல்லை. ஃபைலைத் திறக்கும் 'ஓப்பன்' கிடையாது. 'ஓப்பன்அட்' மட்டும்தான், எண் 56. அனுமதியை மாற்றும் 'சிஎச்மாட்' கிடையாது, 'எஃப்சிஎச்மாட்அட்' உண்டு. ஃபைலை அழிக்கும் 'அன்லிங்க்' கிடையாது, 'அன்லிங்க்அட்' உண்டு. புரோகிராமை இயக்கும் 'எக்ஸெக்வி' 64-பிட் இன்டெலில் 59, 32-பிட் இன்டெலில் 11, ஆர்ம்64-ல் 221. இன்டெல் 64-பிட்டில் 221 என்பது, ஃபைலை எப்படிப் படிக்கப் போகிறோம் என்று கர்னலுக்கு முன்கூட்டியே குறிப்புச் சொல்லும் ஒரு சாதுவான சேவை.

இந்த எண்களை இனி மாற்றவும் முடியாது. மாற்றினால் ஏற்கெனவே கம்பைல் செய்த அத்தனை புரோகிராமும் அன்றைக்கே படுத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸில் கிட்டத்தட்ட மத நம்பிக்கை. அதில் தவறும் இல்லை.

வாசலில் உட்காரும் கணக்கர்

தணிக்கை அமைப்பு லினக்ஸ் கர்னலுக்குள் வந்தது 2004-ல், 2.6.6 பதிப்பில். ரெட் ஹேட்டில் இருந்த ரிக் ஃபெய்த் எழுதியது. அரசுத் துறைகளுக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்கும் பெரிய வாடிக்கையாளர்களுக்கும் லினக்ஸை விற்க வேண்டுமென்றால், 'யார் எதைத் தொட்டார்கள்' என்ற கணக்கு இல்லாமல் முடியாது என்ற நிலை அப்போது. கர்னல் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கணக்கரை உட்காரவைத்த மாதிரி. உள்ளே போகும் சீட்டையும் வெளியே வரும் பதிலையும் பார்ப்பார். கொடுத்த விதியோடு பொருந்தினால் நோட்டில் எழுதுவார்.

அவர் எழுதுவதில் மிக உபயோகமான ஒன்று, 'ஆடிட் யூஐடி' எனப்படும் லாகின் அடையாளம். நீங்கள் உங்கள் பெயரில் உள்ளே வந்து, பிறகு 'சுடோ' போட்டு ரூட் ஆனாலும், முதலில் வந்த ஆளின் எண் ஒட்டிக்கொண்டே இருக்கும். ரூட் செய்தார் என்று மொட்டையாகச் சொல்லாமல், ரூட் வேஷத்தில் இருந்தது யார் என்று அந்த ஒரு எண் சொல்லும்.

இன்னொரு புலம் சிப் எந்த வகை என்பது. அது ஆவணத்தில் இருந்து எடுக்கும் அலங்காரக் குறிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இல்லாமல் பக்கத்தில் இருக்கும் சிஸ்டம் கால் எண்ணைப் படிக்கவே முடியாது. புரோகிராம் ஃபைல்களின் தலைப்பில் இருக்கும் மெஷின் எண்தான் இங்கேயும் அடிப்படை: 32-பிட் இன்டெலுக்கு 3, 64-பிட் இன்டெல், ஏஎம்டிக்கு 62, ஆர்ம்64-க்கு 183. அதோடு 64-பிட்டா, பைட் வரிசை எப்படி என்ற இரண்டு அடையாளங்களைச் சேர்த்து ஒரே எண்ணாகப் பதிவில் போடுவார்கள். பஸ் நம்பருக்கு முன்னால் ஊர்ப் பெயர் மாதிரி.

ஊர்ப் பெயரை விட்டால்

விதி எழுதும் 'ஆடிட்சிடிஎல்' கருவியில் ஊர்ப் பெயரைச் சொல்வது கட்டாயம் இல்லை. பிரச்னையின் பாதி இங்கேதான் இருக்கிறது.

64-பிட் இன்டெல் சர்வரில் ஒரு நிர்வாகி, 'அனுமதி மாற்றும் சிஎச்மாட் அழைப்பை எல்லாம் பதிவு செய்' என்று விதி எழுதுகிறார், சிப் வகையைச் சொல்லாமல். கருவி தன் மெஷினின் அட்டவணையைப் பார்க்கிறது. சிஎச்மாட்டுக்கு 90. அந்த 90-ஐக் கர்னலிடம் கொடுத்துவிடுகிறது. 64-பிட் புரோகிராம் சிஎச்மாட் கேட்டால் மாட்டும். 32-பிட் வழியாக ஒருவர் சிஎச்மாட் கேட்டால் அது 15. விதியில் 15 இல்லை, பதிவும் இல்லை. அதே நேரத்தில் 32-பிட் வழியாக வரும் 90 என்பது நினைவகம் கேட்கும் பழைய 'எம்மேப்'. அது மட்டும் சம்பந்தமே இல்லாமல் பதிவாகும். பிடிக்க வேண்டியதை விட்டு, விட வேண்டியதைப் பிடிக்கும் வலை.

கருவி ஒன்றும் சொல்லாமல் இருப்பதில்லை. 32, 64-பிட் எண்கள் பொருந்தவில்லை, சிப் வகையைக் குறிப்பிடுங்கள் என்று ஓர் எச்சரிக்கை வரும். வந்துவிட்டு, விதியை ஏற்றுக்கொள்ளும். ஆட்டோமேஷன் ஸ்கிரிப்ட் நூறு சர்வரில் ஒரே நேரத்தில் ஓடும்போது திரையில் ஓடி மறையும் அந்த ஒரு வரியை யார் படிக்கிறார்கள்? இது எச்சரிக்கையாக இருக்கவே கூடாது, பிழையாக இருக்க வேண்டும். விதியை ஏற்க மறுக்க வேண்டும். அரைகுறைக் கண்காணிப்பை விட, 'கண்காணிப்பு இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்வது நேர்மை.

சிஐஎஸ் பெஞ்ச்மார்க் மாதிரியான பாதுகாப்பு வழிகாட்டிகள் இதைச் சரியாகத்தான் செய்கின்றன. ஒவ்வொரு விதியையும் இரண்டு முறை, 64-க்கு ஒன்று, 32-க்கு ஒன்று என்று எழுதச் சொல்கின்றன. ஆனால், ஏன் இரண்டு என்று தெரியாமல் நகல் எடுப்பவர், 'எங்களிடம்தான் 32-பிட் புரோகிராமே இல்லையே' என்று ஒரு வரியை அழித்துவிடுகிறார். நியாயமாகத் தெரிகிறது இல்லையா? ஆனால், 32-பிட் ஜன்னல் திறக்க 32-பிட் புரோகிராம் தேவையே இல்லை. 64-பிட் புரோகிராமே, பழைய 80 என்ற இன்டரப்ட் கட்டளையை நேரடியாகக் கொடுத்து, 32-பிட் அட்டவணை எண்ணோடு கர்னலைக் கூப்பிட முடியும். கர்னலில் 32-பிட் ஆதரவு உயிரோடு இருந்தால் போதும். ஒரு 32-பிட் லைப்ரரிகூட இன்ஸ்டால் ஆகியிருக்க வேண்டாம். தாக்க வருகிறவருக்கு இது நாலு வரி கோட்.

கர்னலே ஏமாந்த ஆண்டு

2009-ல் வெளிவந்த ஒரு குறை இந்த விஷயத்தின் ஆழத்தைக் காட்டும். சிவிஇ-2009-0834 என்று அதற்கு எண். 2.6.28.7 வரையிலான கர்னல்களில், 64-பிட் இன்டெல், ஏஎம்டி மெஷின்களில் இருந்தது. பாதுகாப்பு ஆய்வாளர் கிறிஸ் எவன்ஸ் கண்டுபிடித்தார். ரோலண்ட் மெக்ராத் திருத்தம் எழுதினார்.

கணக்கர் ஒவ்வொரு சீட்டிலும் ஊர்ப் பெயரை எழுத வேண்டும் அல்லவா? அதற்கு அவர் கேட்ட கேள்வி தவறு. 'இந்தப் புரோகிராம் 32-பிட்டா, 64-பிட்டா?' என்று ஆளைப் பார்த்துக் கேட்டார். கேட்டிருக்க வேண்டியது, 'இந்தச் சீட்டு எந்த ஜன்னல் வழியாக வந்தது?' என்று. 64-பிட் ஆள் 32-பிட் ஜன்னலுக்குப் போய் 15 என்று சீட்டு கொடுக்கிறார். உள்ளே நடப்பது சிஎச்மாட். கணக்கர் எழுதுவது, '64-பிட், 15'. 64-பிட் அட்டவணையில் அது சிக்னல் கையாளுதலில் இருந்து திரும்பும் ஓர் உள்வேலை. நிர்வாகி 64-பிட்டுக்கு 90, 32-பிட்டுக்கு 15 என்று இரண்டு விதியையும் ஒழுங்காக எழுதியிருந்தாலும், இரண்டிலும் இது மாட்டாது. புத்தகத்தில் உள்ளபடி எல்லாம் செய்தவருக்கும் ஓட்டை.

அதே நாட்களில் அடுத்த எண்ணில், 0835-ல் வந்தது இன்னும் மோசம். 'செக்காம்ப்' என்பது புரோகிராமைச் சிறைக்குள் வைக்கும் வசதி. அதன் கண்டிப்பான முறையில் படி, எழுது, வெளியேறு, சிக்னலில் இருந்து திரும்பு என்ற நாலு அழைப்புகளுக்கு மட்டுமே அனுமதி. 64-பிட்டில் அந்த நாலாவது எண் 15. சிறையில் இருக்கும் 64-பிட் கைதி 32-பிட் ஜன்னலில் 15 என்று கேட்டால், காவலர் 'அனுமதி உண்டு' என்று விட்டுவிடுவார். உள்ளே நடப்பது சிஎச்மாட். ஃபைல் அனுமதியை மாற்றுவதும் பதிவில் தெரியாமல் மாற்றுவதும் ஒரே எண் குழப்பத்தில் பிறந்தவை.

இரண்டும் அடைக்கப்பட்டு ஆண்டுகள் ஆகின்றன. பாடம் செக்காம்பில் நன்றாகவே ஏறியது. 2012-ல் வந்த அதன் புதிய வடிகட்டி முறையில் ஒவ்வொரு அழைப்போடும் சிப் வகை எண்ணும் சேர்ந்தே வருகிறது, அதுவும் தணிக்கை அமைப்பின் அதே எண். அதைப் பார்க்காமல் சிஸ்டம் கால் எண்ணை மட்டும் வடிகட்டுவதுதான் இதில் விழக்கூடிய மிகப் பெரிய குழி என்று கர்னல் ஆவணமே எச்சரிக்கிறது.

மூன்றாவது ஜன்னல் ஒன்றும் வந்தது. 2012-ல் 3.4 பதிப்பில் சேர்ந்த எக்ஸ்32. 64-பிட் சிப்பின் வேகம், 32-பிட் முகவரியின் சிக்கனம் என்று ஆசைப்பட்ட முயற்சி. பயன்படுத்துபவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆனால் அதன் அழைப்புகள் 64-பிட் இன்டெல் என்ற அதே ஊர்ப் பெயரோடு வருகின்றன. எண்ணில் மட்டும் ஒரு பெரிய பிட் கூடுதலாக ஏற்றப்பட்டிருக்கும். தணிக்கைக் கோட் தன் விதிகளை 2,048 இடங்கள் கொண்ட கட்டத்தில் வைத்திருந்தது. நூறு கோடிக்கு மேல் மதிப்புள்ள எண் வந்தால் கட்டத்துக்கு வெளியே எங்கோ போய்ப் படிக்கும். 2014-ல் இது சிவிஇ-2014-3917 ஆனது. கண்டுபிடித்த ஆண்டி லுட்டோமிர்ஸ்கி, திருத்தத்தோடு நிற்கவில்லை. சிஸ்டம் கால் தணிக்கை வசதியையே 'உடைந்தது' என்று கர்னல் கட்டமைப்பில் குறித்துவிடலாம் என்று பேட்ச் அனுப்பினார். அது ஏற்கப்படவில்லை. ஆனால் அப்படி ஒருவர் எழுதும் அளவுக்கு அந்தக் கோட் மேல் கசப்பு இருந்தது என்பது, ஒவ்வொரு தணிக்கை அறிக்கையிலும் 'கண்காணிப்பு இயங்குகிறது' என்று டிக் அடிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஆர்முக்குக் குடிபோகும்போது

அமேசான் 2018-ல் கிராவிட்டான் சிப்பைக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்ட்டின் கோபால்ட், கூகுளின் ஆக்ஸியான் பின்தொடர்ந்தன. அதே வேலைக்குக் குறைந்த வாடகை என்பதால் கம்பெனிகள் மாறுகின்றன. ஜாவா, பைத்தான், கோ எதில் எழுதியிருந்தாலும் பெரும்பாலும் திரும்ப பில்ட் செய்தால் ஓடிவிடுகிறது. டெஸ்ட் எல்லாம் பச்சை. புராஜெக்ட் மேனேஜர் சந்தோஷம்.

யாரும் திரும்பிப் பார்க்காத ஃபைல் ஒன்று அந்த மூட்டையோடு சேர்ந்து போகிறது. தணிக்கை விதிகள்.

இன்டெல் சர்வருக்காக எழுதிய விதியில் 'சிஎச்மாட்' என்று ஒரு வரி இருக்கும். ஆர்ம்64-ல் அந்தப் பெயரில் சேவையே இல்லை என்பதால் ஆடிட்சிடிஎல் 'தெரியாத பெயர்' என்று பிழை காட்டும். விதிகளை ஃபைலில் இருந்து ஏற்றும்போது, பிழை வந்த வரியிலேயே அது நின்றுவிடும். அதற்குக் கீழே இருக்கும் வரிகள் எதுவும் ஏறாது. நாற்பது விதிகள் உள்ள ஃபைலில் ஆறாவது வரி தப்பு என்றால், ஓடுவது ஐந்து விதிகள்.

சரி, பிழை வந்ததே, கவனிப்பார்களே என்றால், அங்கேயும் ஒரு வசதி. பிழைகளைப் பொருட்படுத்தாதே என்று ஓர் ஆப்ஷன் உண்டு. அதைப் போட்டால் தப்பான வரிகளைத் தாண்டிக்கொண்டு மீதியை ஏற்றும். கடைசியில் 'வெற்றி' என்றே பதில் தரும். ஆட்டோமேஷன் கருவிக்கு அதுதான் வேண்டும். பல இடங்களில் அந்த ஆப்ஷன் விதி ஃபைலின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. தொடர்ந்து ஏற்று, ஆனால் கடைசியில் தோல்வி என்று சொல் என்ற இன்னோர் ஆப்ஷனும் இருக்கிறது. இரண்டுக்கும் எழுத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். விளைவில், சிஎச்மாட் விதி இல்லாமல் ஓடும் சர்வருக்கும், அது இல்லை என்று தெரிந்து ஓடும் சர்வருக்கும் உள்ள வித்தியாசம்.

விதி சரியாகவே இருந்தாலும் அடுத்த பள்ளம் பதிவு போய்ச் சேரும் இடத்தில். எல்லா சர்வரின் பதிவும் ஓர் இடத்துக்கு வந்து, அங்கே எச்சரிக்கை விதிகள் ஓடும். சேமிப்புச் செலவைக் குறைக்க, தேவையில்லாத புலங்களை வழியிலேயே வெட்டுவது வழக்கம். சிப் வகை என்ற புலம் எப்போதும் ஒரே மதிப்பில் இருந்ததால், எல்லாமே இன்டெல் என்ற காலத்தில், அதை வெட்டுவதில் யாருக்கும் தயக்கம் இருக்காது. இன்று ஆர்ம் சர்வர்களும் அதே குழாயில் வருகின்றன. '59 வந்தால் எச்சரி' என்ற விதி, ஆர்ம் சர்வரில் பைப் திறக்கும்போதெல்லாம் கத்தும். புரோகிராம் இயக்கும் 221 வந்தால் வாயே திறக்காது. வெட்டிப் போட்ட புலத்தைப் பழைய பதிவுகளுக்குத் திரும்பக் கொண்டுவரவும் வழியில்லை.

இந்தியாவில் 2022 ஏப்ரலில் செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, பாதுகாப்புச் சம்பவத்தை 6 மணி நேரத்தில் தெரிவிக்கவும், பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் சொல்கிறது. 180 நாள் பதிவு இருக்கிறதா என்று கேட்பது சுலபம், இருக்கிறது என்று காட்டுவதும் சுலபம். அந்தப் பதிவை எந்த அட்டவணையோடு வைத்துப் படிப்பது என்று கேட்கும் ஆடிட்டர் அபூர்வம். அந்த 6 மணி நேரத்தில் 59-ஐப் பார்த்துக்கொண்டு ஓர் அணி குழம்பி உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

'இதெல்லாம் பழசு, இப்போ எல்லாம் இபிபிஎஃப்' என்பவர்களுக்கும் ஒரு தகவல். சிஸ்டம் கால் எண்ணை நம்பும் எந்தக் கருவிக்கும் இதே நோய் உண்டு. 64-பிட் இன்டெலில், ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் பெயரோடு இருக்கும் கர்னல் டிரேஸ்பாயின்ட்கள் 32-பிட் ஜன்னல் வழியாக வரும் அழைப்புகளைக் கண்டுகொள்வதே இல்லை. வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். தவறான அர்த்தத்தில் பதிவாவதற்கு, பதிவே ஆகாதது மேல் என்ற முடிவு அது. அவற்றின் மேல் கட்டிய கருவி எவ்வளவு நவீனமாக இருந்தாலும் அந்த ஜன்னல் அதற்குத் தெரியாது.

எண் ஒன்றானது, பட்டியல் பிந்தியது

நல்ல செய்தியும் இருக்கிறது. 2019-ல் வந்த 5.1 கர்னலில் இருந்து, புதிதாகச் சேரும் சிஸ்டம் கால்களுக்கு எல்லா சிப்பிலும் ஒரே எண். 424-ல் தொடங்குகிறது. ஆர்ண்ட் பெர்க்மன் பல மாதம் அட்டவணைகளை ஒழுங்குபடுத்தியதன் பலன். 'ஓப்பன்அட்2' இன்டெலிலும் ஆர்மிலும் ரிஸ்க்-ஃபைவிலும் 437தான். வயதான ஆல்ஃபா சிப் மட்டும் விதிவிலக்கு. முன்பே இப்படிச் செய்திருக்கலாமே என்று தோன்றும். 1990-களில் ஒவ்வொரு சிப்பின் லினக்ஸையும் தனித்தனி ஆட்கள், அந்தச் சிப்பின் பழைய யுனிக்ஸ் புரோகிராம்களை மனதில் வைத்து எழுதினார்கள். அன்று அதுவே புத்திசாலித்தனம்.

ஆனால் எண் ஒன்றானதால் தணிக்கை முழுசாகிவிடவில்லை. 'இந்த ஃபைலை யார் எழுதினாலும், அனுமதியை மாற்றினாலும் சொல்' என்று சிஸ்டம் கால் பெயரே இல்லாமல் விதி எழுதலாம். அதுதான் நல்ல பழக்கமும்கூட. அப்படிக் கேட்டால் கர்னல், எழுதும் வகை அழைப்புகள் இவை, பண்பை மாற்றும் வகை இவை என்று தன்னிடம் இருக்கும் பட்டியலைப் பார்க்கும். புது அழைப்பு சேரும்போது அந்தப் பட்டியலிலும் சேர்க்க வேண்டும். ஓப்பன்அட்2 கர்னலுக்கு வந்தது 2020-ல், 5.6 பதிப்பில். தணிக்கைப் பட்டியல் அதை அறிந்துகொண்டது 2022 தொடக்கத்தில் வந்த 5.16-ல். 2023-ல் 6.6 பதிப்பில் வந்த 'எஃப்சிஎச்மாட்அட்2', எண் 452, அதன் கதையும் இதே. அனுமதியை மாற்றும் வேலை, ஆனால் பண்பை மாற்றும் பட்டியலில் கூடவே சேர்க்கப்படவில்லை.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய இடைவெளி ஐஓ-யூரிங். ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதி, 2019-ல் வந்தது. புரோகிராம் ஒவ்வொரு வேலைக்கும் ஜன்னலுக்கு வராமல், கோரிக்கைகளை ஒரு பொதுப் பெட்டியில் போட்டுவிடும். கர்னல் எடுத்துச் செய்யும். ஃபைல் திறப்பது, நெட்வொர்க்கில் இணைவது எல்லாம் அப்படியே நடக்கும். ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் கணக்கருக்கு எதுவும் தெரியாது. பால் மூர் முயற்சியில், அதே 5.16-ல்தான் தணிக்கை அந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது. அதற்கென்று தனிப் பதிவு வகையும் வந்தது. இடையில் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல்.

கர்னல் சமூகத்தில் எல்லோரும் ஓவர்டைம் பார்க்கும் ஆட்கள், தணிக்கைப் பகுதிக்கு ஆள் குறைவு என்பது புரிகிறது. ஆனால் இதைத் தீர்க்க ஆள் பலம் வேண்டாம், ஒழுங்குமுறை போதும். புது சிஸ்டம் கால் சேர்க்கும் பேட்சிலேயே, அது எந்தத் தணிக்கை வகை என்ற வரியும் இருக்க வேண்டும், இல்லையென்றால் பேட்ச் உள்ளே வராது. எண் ஒதுக்குவதில் எல்லாச் சிப்புக்கும் ஒரே நேரத்தில் ஒதுக்கு என்ற கட்டுப்பாட்டை 2019-க்குப் பிறகு கொண்டுவர முடிந்தவர்களால் இதையும் கொண்டுவர முடியும்.

இதற்கு ஒரு மரியாதையான முன்மாதிரியும் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. 32-பிட் ஆர்ம் சிப்பில் பழைய, புதிய என்று இரண்டு அழைப்பு முறைகள் உண்டு. இரண்டையும் ஒன்றாக அனுமதிக்கும் ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்தால், சிஸ்டம் கால் தணிக்கையைத் தேர்ந்தெடுக்கவே விடாது. சரியாகச் செய்ய முடியாததை அரைகுறையாகச் செய்ய மாட்டோம் என்ற அந்தப் பிடிவாதம் ஆடிட்சிடிஎல்லுக்கும் வந்தால் போதும்.

அதுவரை சர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள் என்ன செய்யலாம்? 32-பிட் தேவையில்லாத இன்டெல் சர்வரில் அந்த ஜன்னலையே மூடுவது முதல் வேலை. 6.7 கர்னலில் இருந்து பூட் ஆகும்போதே ஒரு பாராமீட்டரில் 32-பிட் ஆதரவை அணைக்கலாம். கர்னலைத் திரும்ப பில்ட் செய்ய வேண்டியதில்லை. மூட முடியாத இடத்தில் இரண்டு வரி விதி, விவாதம் வேண்டாம். ஆர்முக்கு விதி ஃபைலைத் தனியாகவே எழுத வேண்டும், இன்டெல் ஃபைலில் இருந்து நகல் எடுத்துத் திருத்துவது வேண்டாம். ஃபைலில் எத்தனை விதி என்று எண்ணிப் பார்ப்பதில் பயன் இல்லை. கர்னலில் ஏறியிருப்பது எத்தனை என்று பட்டியல் கேட்டு ஒப்பிட வேண்டும்.

எல்லாவற்றையும் விட, சோதித்துப் பார்க்க வேண்டும். தீயணைப்பு ஒத்திகை மாதிரி. ஒரு சோதனை ஃபைலின் அனுமதியை நாலு விதமாக மாற்றும் ஒரு சின்னப் புரோகிராம்: 64-பிட் வழி, 32-பிட் வழி, 452-ஆம் எண் வழி, ஆர்ம் சர்வரில் எஃப்சிஎச்மாட்அட் வழி. ஒவ்வொன்றும் மையப் பதிவுக்கு வந்து சேர்ந்ததா, ஊர்ப் பெயரோடு வந்ததா, படிக்கும் கருவி அதைச் சரியான பெயரில் காட்டுகிறதா? ஒரு மதிய வேலை. கர்னலைப் புதுப்பித்தால் மறுபடி ஒரு மதியம். ஆடிட்டர் கேட்க வேண்டியதும் இந்தச் சோதனையின் முடிவைத்தான். விதி ஃபைலின் ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்டு என்ன பயன்?